இரண்டாவது பொருள் எங்கே?

இப்போதெல்லாம் ஒரு பொருளின் பேரைச் சொன்னால் யாருக்கும் திருப்தி வருவதில்லை. உப்பைக் கையில் வைத்துக்கொண்டு உப்பு என்று சொல்லிப் பாருங்கள். அது சரி, ஆனால் அது என்ன வகை, எந்தப் பிரிவு, எந்த அதிகாரியின் கீழ் வரும் என்று கேட்பார்கள். நாக்கில் வைத்துப் பார்க்கிற வழக்கம் போய்விட்டது. நாக்கு இருப்பதே பேசத்தான் என்று ஆகிவிட்டது. அப்படிப் பேசியவர்களிடம் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நானே பாதியை இன்னும் நம்பவில்லை.

எனக்கும் என் தங்கைக்கும் சேர்த்து ஒரு திராட்சைத் தோட்டம். அவளுக்குப் புருஷன் போய்விட்டார், எனக்கு மனைவி போய்விட்டாள். பிள்ளைகள் இருக்கிறார்கள், தூரத்தில், போனில் பாசமாக. தோட்டம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு. இந்த முறை காய் மிளகு பருமன் இருக்கும்போதே இலையில் மாவு தூவினது போல வெள்ளையாகப் படிந்தது. சாம்பல் நோய். இலையில் தொடங்கிக் காம்புக்கு வரும், காம்பிலிருந்து காய்க்கு வரும். காய் வெடித்து விதை வெளியே தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கொத்தை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

இதற்கு மருந்து கந்தகப்பொடி. மெல்லிய துணிப்பையில் போட்டுக் கொடிக்கு மேலே தட்டிக்கொண்டே நடக்க வேண்டும். இலைமேல் மஞ்சளாகப் படிந்தால் நோய் அங்கேயே நிற்கும். ஆனால் உடனே போட வேண்டும். நோய் காத்திருக்காது.

நகரத்துக் கடையில் ஒரு மூட்டை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியில் சோதனைச்சாவடி. புதுச் சட்டமாம், எந்தப் பொடியாக இருந்தாலும் அது தனிமமா, சேர்மமா, கலவையா என்று சொல்லிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். சாவடிக்காரர் கையில் மூன்று நிறத்தில் ஒட்டுக்காகிதம் வைத்திருந்தார்.

"மூட்டையில என்ன?"

"கந்தகம்."

"பேரைக் கேக்கலை பெரியவரே. அது என்ன?"

"மஞ்சளா ஒரு பொடி."

"நீங்க யாருன்னு கேட்டா பேரைச் சொல்வீங்க. நீங்க என்னன்னு கேட்டா?"

"மனுஷன்."

"அப்படிச் சொல்லுங்க. இப்ப, இது என்ன?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாரி டிரைவர் என் விலாவில் இடித்தார். எல்லாச் சாவடியும் தெரிந்தவர் என்று பெருமை அடித்துக்கொண்டு வந்த ஆள். காதில் மெதுவாகச் சொன்னார்.

"கலவைன்னு சொல்லிடுங்க. உலகத்துல எது கலக்காம வருது? பால்ல தண்ணி, மிளகாய்ப்பொடியில செங்கல். கலவைன்னா எவனும் மேல கேக்க மாட்டான்."

கடைக்காரனை நானும் முழுக்க நம்பினவன் இல்லை. எதையாவது கலந்துதான் கொடுத்திருப்பான் என்று எனக்குள்ளும் ஒரு நினைப்பு. "கலவைங்க" என்றேன். சாவடிக்காரர் அப்போதுதான் முதல் தடவை சிரித்தார். மூட்டையில் ரோஸ் நிறக் காகிதத்தை ஒட்டி, மூட்டையை இறக்கச் சொன்னார். கலவை என்றால் பிரித்துப் பார்த்த பிறகுதான் விடுவார்களாம். பொருள் இனம்காண் அலுவலகத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். டிரைவர் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் லாரியில் எதுவும் ஒட்டவில்லை.

அந்த அலுவலகம் நீளமான ஒரு நடை, அதில் மூன்று கதவு. நடையின் தொடக்கத்தில் ஒரு பலகை. ஒரே வகை அணுவால் ஆனது தனிமம், வெவ்வேறு வகை அணுக்கள் குறித்த விகிதத்தில் இணைந்தது சேர்மம், சேர்ந்திருந்தும் இணையாதது கலவை என்று பெரிதாக எழுதியிருந்தது. அடியில் பென்சிலால், சாப்பாட்டு நேரம் மூன்றுக்கும் பொது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அந்தக் கடைசி வரி மட்டும் எனக்குச் சட்டென்று விளங்கியது.

கலவைப் பிரிவு அதிகாரி மெலிந்த மனிதர். மேசைமேல் சல்லடை, வடிதாள், புனல், கண்ணாடிக் குவளை எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். என் மூட்டையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துச் சலித்தார். எல்லாம் சல்லடையின் கீழே போனது. தண்ணீரில் போட்டார். கரையவில்லை. வடிகட்டினார். தாளில் மஞ்சள், கீழே வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சுண்டக் காய்ச்சிப் பார்த்தார். குவளையில் ஒன்றும் மிச்சமில்லை. நாற்காலியில் சாய்ந்து என்னை ஒரு திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இதுல கந்தகம் இருக்கு."

"ஆமாங்க."

"கலவைன்னா குறைஞ்சது ரெண்டு பொருள் இருக்கணும். ரெண்டாவது பொருள் எங்கே?"

"ரெண்டாவது எதுவும் இல்லீங்க. கந்தகம் மட்டும்தான்."

"இல்லைன்னா கலவைன்னு ஏன் சொன்னீங்க?"

"டிரைவர் சொல்லச் சொன்னாருங்க."

"அப்ப வழியில எடுத்துட்டீங்க. யார்கிட்ட வித்தீங்க?"

"சார், கடையிலேருந்து வந்தது அப்படியே இருக்கு. நான் சொன்னது தப்பு. தனிமமோ என்னமோ, அதைப் போட்டுக் குடுத்துடுங்க. அங்க நோய் பரவிட்டு இருக்கு."

அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். அந்த வருத்தம் உண்மையானது. அதுதான் அந்த அலுவலகத்தில் பயங்கரமான விஷயம். எல்லோரும் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள்.

"ஒரு தடவை கலவைன்னு சொல்லியாச்சுன்னா, பிரிச்சுப் பார்த்துதான் அதை மாத்த முடியும். பிரிக்கறதுக்கு ரெண்டு பொருள் வேணும். உங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. ஒண்ணை நான் எதுலேருந்து பிரிக்கறது?"

வெளியே வந்தால் போன் அடித்தது. தங்கை.

"என்ன அண்ணா, கந்தகம் வாங்கப் போனியா, தோண்டப் போனியா? கிணத்துப் பக்கத்து வரிசை முழுக்க வெளுத்துப்போச்சு."

"வந்துடறேன். ஆபீஸ்ல கேள்வி கேக்கறாங்க."

"உன்கிட்டயா? உன்கிட்ட என்ன கேள்வி கேப்பாங்க?"

"ரெண்டாவது பொருள் எங்கேன்னு கேக்கறாங்க."

"வெயில்ல எங்கயாவது விழுந்துட்டியா?" என்றாள். குரலில் கேலி போய்ப் பயம் வந்திருந்தது.

வேறு மூட்டை வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். கடைக்காரன் என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். விசாரணையில் இருக்கிற ஆளுக்குப் பொடி எதுவும் விற்கக்கூடாதாம், பல்பொடிகூட. போய் முதல் மூட்டையை முடித்துக்கொண்டு வாருங்கள் என்றான்.

மறுபடியும் அலுவலகம். தனிமப் பிரிவில் ஓர் அம்மா இருந்தார். நல்ல வயது, நல்ல முகம், தூசி இல்லாத மேசை. உட்காரச் சொன்னதே அவர் ஒருவர்தான். சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"கந்தகம் தனிமம்தான். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அம்மா, அதை மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

"எழுதிடலாம். ஆனா உங்க மூட்டையில ரோஸ் ஒட்டியிருக்கே. ரோஸ் ஒட்டின பொருளை நாங்க பார்க்கவே கூடாது." சொல்லிவிட்டு, பியூன் தூக்கி வந்து வாசலில் வைத்திருந்த மூட்டை கண்ணில் படாதபடி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மிச்சப் பேச்சு முழுவதையும் ஜன்னலிடம்தான் பேசினார். "எங்க பிரிவுல இதுவரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்லை, தெரியுமா? தனிமத்தை அதுக்கு மேல எளிய பொருளாப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாததை நாங்க பிரிக்கறதில்லை. சேர்க்கறது எங்க வேலையும் இல்லை. நான் இங்க வந்ததிலேருந்து இந்த இழுப்பறையைத் திறந்ததில்லை. சாவி எங்கேன்னும் தெரியாது. இவ்வளவு சுத்தமா ஒரு பிரிவு நடத்தறது சுலபமில்லை, பெரியவரே."

"அப்ப யார்தான்மா பார்ப்பாங்க?"

"கந்தகத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. அது எட்டு எட்டு அணுவா வளையமாக் கைகோத்துட்டு இருக்கும். கைகோத்தா அது எங்களோடதுன்னு சேர்மப் பிரிவுக்காரங்க ரொம்ப வருஷமாச் சண்டை போடறாங்க. நான் சொல்றேன், எட்டும் ஒரே வகை. எட்டு அண்ணன் தம்பி ஒரே வீட்டுல இருந்தா அது கல்யாணமா?"

எட்டு அண்ணன் தம்பி ஒரே வீட்டில் கைகோத்துக்கொண்டு இருக்கிறார்களாம். அதுவும் தினமும். நான் அப்படி ஒரு வீட்டைப் பார்த்ததில்லை. அந்த அம்மாவின் படிப்பில் எனக்குச் சந்தேகம் வந்தது அங்கேதான். ஆனாலும் கும்பிட்டுவிட்டு வந்தேன். ஜன்னலைப் பார்த்தபடி அவரும் கும்பிட்டார்.

கலவை அதிகாரி என்னைத் தேடிக்கொண்டு நடையில் வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பெரியவரே, உங்களுக்காக யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். ரெண்டாவது பொருள் இல்லைங்கறதுதானே பிரச்சினை? நாங்க தர்றோம்."

"என்னது?"

"எங்க கிடங்குல இரும்புத்தூள் பீப்பாய் பீப்பாயா இருக்கு. அதை உங்க கந்தகத்துல கலந்துடுவோம். அப்ப நீங்க சொன்னது உண்மையாயிடும். உண்மையானதும் முறைப்படி பிரிப்போம். இரும்பு எங்களுக்கு, கந்தகம் உங்களுக்கு. யார்மேலயும் குற்றம் இல்லை."

நான் வேண்டாம் என்று கத்தினேன். அதற்குள் பியூன் மூட்டையை முற்றத்தில் கொட்டி, பீப்பாயைச் சாய்த்து, மண்வெட்டியால் புரட்டத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்பா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"எனக்கு மட்டும் ஆசையா பெரியவரே?" அவர் குரலைத் தாழ்த்தினார். "தணிக்கைக்காரங்க வரப்போறாங்க. அதுக்குள்ள இந்தப் பீப்பாய் எல்லாம் காலியாகணும்னு உத்தரவு. உங்க மூட்டை வந்ததும் ஆபீஸே கும்பிட்டுச்சு."

மஞ்சள் குவியல் கண்ணெதிரே அழுக்குச் சாம்பல் நிறமானது. நெருங்கிப் பார்த்தால் மஞ்சள் தனியாகவும் கறுப்பு தனியாகவும் துணுக்குத் துணுக்காகத் தெரிந்தது. அதிகாரி ஒரு சிட்டிகையைத் தாளில் போட்டு, சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த வாத்துப் பொம்மை. வாத்தின் வயிற்றில் இரும்புத்தூள் துள்ளிப்போய் ஒட்டிக்கொண்டது. தாளில் மஞ்சள் மட்டும் மிஞ்சியது.

"பார்த்தீங்களா! கலவையில எதுவும் தன் குணத்தை விடாது. இரும்பு இரும்பாவே இருக்கும். கந்தகம் கந்தகமாவே இருக்கும். பக்கத்துப் பக்கத்துல குடியிருக்கும், அவ்வளவுதான்."

அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. "சரிங்க சார். எல்லாத்தையும் இப்படியே பண்ணிக் குடுத்துடுங்க, நான் போயிடறேன்."

"இது சொந்தக் காந்தம். அலுவலகப் பிரிப்பு அலுவலகக் காந்தத்தாலதான் நடக்கணும்."

அலுவலகக் காந்தம் உள் அறையில் இருந்தது. அம்மிக்கல் அளவு. வந்திறங்கிய அன்றே இரும்பு பீரோவில் போய் ஒட்டிக்கொண்டதாம். அன்றிலிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. பீரோவைத் திறக்கவும் முடியவில்லை, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. நான் பீரோவில் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தேன். பியூன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை.

சத்தம் கேட்டுச் சேர்மப் பிரிவுத் தலைவர் வந்தார். கனத்த உடம்பு, மேடைக்குரல். அவர் வருவதற்கு முன்னால் அவர் தொண்டையைச் செருமுவது வரும்.

"அதுல யாரும் கை வைக்கக்கூடாது. வழக்கு நடக்குது."

"என்ன வழக்கு?" என்றேன்.

"காந்தமும் பீரோவும் இப்ப கலவையா சேர்மமான்னு."

"ரெண்டும் தன் குணத்தோடதான் இருக்கு. இழுத்தா வந்துடும். கலவை," என்றார் கலவை அதிகாரி.

"இழுத்தா வந்துடும்னா இழு பார்ப்போம். வராதுல்ல? சேர்மம்," என்றார் தலைவர்.

"பலம் பத்தலைன்னா சேர்மம் ஆயிடுமா?"

"உன் பலத்தை வெச்சு அறிவியலை அளக்காதே."

இரண்டு பேரும் பீரோவுக்கு இரண்டு பக்கம் நின்றுகொண்டு கத்தினார்கள். இந்தப் பேச்சு அவர்களுக்குப் பழக்கம் என்று தெரிந்தது. எந்த இடத்தில் யார் மூச்சு வாங்குவது என்றுகூடத் தீர்மானமாக இருந்தது.

நான் கலவை அதிகாரியிடம் அந்த வாத்துப் பொம்மையைக் கெஞ்சி வாங்கினேன். முற்றத்தில் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கைப்பிடி எடுத்துத் தாளில் பரப்பி, வாத்தை அதன்மேல் நடத்தினேன். ஒட்டிய இரும்பைத் துடைத்துவிட்டு மறுபடியும் நடத்தினேன். முதுகு முறிந்தது. கண் எரிந்தது. நாள் முழுக்க உட்கார்ந்தேன், மறுநாளும் வந்து உட்கார்ந்தேன். நடையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். எப்படியோ என் தோள்துண்டு நிறைய மஞ்சள் சேர்ந்தது. ஒரு வரிசைக்குப் போதும். கிணற்றுப் பக்கத்து வரிசை போனால் போகட்டும், வீட்டுப் பக்கத்து வரிசையையாவது பிடித்துவிடலாம் என்று துண்டை முடிச்சுப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் முற்றத்துக்கு வந்தார்.

"இது என்ன?"

"கந்தகம்ங்க. நானே பிரிச்சேன்."

"நீங்க யார் பிரிக்கறதுக்கு? பிரிக்கறது எங்க இலாகாவோட உரிமை. நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க பொருளை வீட்டுல உட்கார்ந்து பிரிச்சுக்கிட்டா நாங்க எதுக்கு?"

நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார். ஆனால் பதில் அவருக்கும் தெரியவில்லை. துண்டை வாங்கி முடிச்சை அவிழ்த்து, அந்த மஞ்சளைத் திரும்பக் குவியலில் உதறினார். மண்வெட்டியால் நன்றாகப் புரட்டச் சொன்னார். துண்டை மட்டும் மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

போன் அடித்தது.

"அண்ணா, காய் வெடிக்குது."

"எந்த வரிசை?"

"வரிசை எல்லாம் கேக்காதே. நீ எப்ப வர்றே, அதைச் சொல்லு."

"கையில வந்துச்சு. கொட்டிட்டாங்க."

"யார் கொட்டினா? ஏன் கொட்டினாங்க? அண்ணா, நீ அங்க என்னதான் பண்றே?"

போனை வைத்துவிட்டேன். சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

தலைவர் அன்றே ஒரு முடிவு எடுத்தார். குவியல் கலவை என்பதற்கு ஆதாரம் ஒரு வாத்துப் பொம்மைதான், அது செல்லாது, ஆகவே நெருப்பில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றார். கலவை அதிகாரி கெஞ்சினார்.

"வேண்டாம் சார். சூடு பண்ணினா ரெண்டும் இணைஞ்சுடும்."

"இணைஞ்சா சேர்மம்னு தெரிஞ்சுடும்."

"இணைஞ்ச பிறகுதானே சார் சேர்மம்? இப்ப இல்லையே?"

"இப்ப இருக்கறதைப் பத்தி யாருக்கு அக்கறை? எதுவா முடியுதுங்கறதுதான் முடிவு." திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "கவலைப்படாதீங்க. சரியா ஏழு பங்கு இரும்பு, நாலு பங்கு கந்தகம், எடைபோட்டுத்தான் பண்ணப்போறோம். கலவைன்னா இஷ்டத்துக்கு அள்ளிப் போடலாம். எங்க பிரிவுல அந்தக் கள்ளத்தனம் கிடையாது."

ஏழும் நாலும் சரியாக வருவதற்காக இன்னொரு பீப்பாய் இரும்பைக் கொட்டினார்கள். முற்றத்தில் செங்கல்லால் பெரிய தொட்டி கட்டி, குவியலை உள்ளே தள்ளி, ஒரு மூலையில் கொள்ளி வைத்தார்கள். அலுவலகம் முழுவதும் நாற்காலியோடு வந்து வட்டமாக உட்கார்ந்தது. தனிமப் பிரிவு அம்மா மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தொட்டிக்குக் குறுக்கே போய் நின்றேன். இரண்டு பேர் என்னைத் தூக்கி, பார்வை மறைக்கிறது என்று சொல்லி, ஓரமாக வைத்தார்கள்.

அந்த மூலை சிவந்தது. கொள்ளியை எடுத்த பிறகும் சிவப்பு தானாக நகர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாக ஊர்ந்துகொண்டே போனது. சாம்பல் நோயின் வெள்ளை இலையில் ஊர்வது போலவே. எல்லோரும் கைதட்டினார்கள். ஓரங்களில் நீலமாக ஒரு சுடர் ஓடியது, பிறகு புகை. நெஞ்சுக்குள் ஊசி ஏற்றினது போல ஒரு நெடி. நாற்காலிகள் சாய்ந்தன. பாதிப்பேர் தெருவுக்கு ஓடினார்கள். மூன்று பிரிவுக்கும் பொதுவான அந்தச் சாப்பாட்டு நேரம் போல ஆகிவிட்டது.

தலைவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு புகையைக் காட்டிக் கத்தினார்.

"கந்தகம் காத்தோட சேர்ந்து போகுது! அதுவும் சேர்மம்தான்! அந்தப் புகையும் எங்க பிரிவுக்குத்தான்! எல்லாரும் சாட்சி!"

புகை அவர் சொன்னதைக் கேட்காமல் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

தொட்டி ஆறியதும் உள்ளே கறுப்பாக ஒரு பாளம் இருந்தது. மஞ்சள் இல்லை. தலைவர் ஒரு துண்டை உடைத்து, வாத்துப் பொம்மையை இப்போது செல்லும் என்று அறிவித்து, அதைத் துண்டின்மேல் வைத்தார். வாத்து வழுக்கித் தரையில் விழுந்தது. மறுபடியும் கைதட்டல். ரோஸ் காகிதத்தைக் கிழித்து நீலக் காகிதம் ஒட்டினார்.

"முடிஞ்சது. சேர்மம். ஒரு சந்தேகமும் இல்லை. எடுத்துட்டுப் போகலாம்."

"இது கந்தகம் இல்லையே," என்றேன்.

"கந்தகம் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரு அணுகூடக் குறையலை."

"புகையாப் போனது?"

"அது காத்துல இருக்கு. உலகத்தை விட்டு எங்கயும் போகலையே."

"இதைக் கொடியில தூவ முடியுமா?"

"பொருளை நீங்க என்ன பண்றீங்கங்கறது எங்க வரம்புல வராது."

"மஞ்சள் எங்கங்க? என் பொடி எங்க?"

அவர் என் தோளில் கை வைத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, புகையாலோ என்னவோ. நாற்காலியோடு திரும்பி வந்துகொண்டிருந்தவர்களுக்கும் சேர்த்துப் பேசினார்.

"பெரியவரே, சேர்மத்தோட பெருமையே அதுதான். உள்ள சேர்ந்தது எதுவும் தன் பழைய குணத்தோட இருக்காது. இரும்பு காந்தத்தை மறந்துடும். கந்தகம் நிறத்தை மறந்துடும். எங்க இலாகாவும் அப்படித்தான். நல்லாப் படிச்சவங்க, புத்திசாலிங்க, ஜனங்களுக்கு எதாவது செய்யணும்னு துடிச்சவங்க எல்லாம் இங்க வந்து சேர்ந்திருக்காங்க. இப்ப இவங்களைப் பாருங்க. யாரையாவது பழைய ஆளாப் பிரிச்செடுக்க முடியுமா? முடியாது! அவ்வளவு உறுதியான இணைப்பு."

எல்லோரும் கைதட்டினார்கள். கலவை அதிகாரிதான் முதலில் தட்டினார்.

எனக்கு நம்பிக்கை வரட்டும் என்று தலைவர் அந்தத் துண்டில் அமிலம் ஒரு சொட்டு விட்டார். நுரைத்தது. அழுகின முட்டை நாற்றம் குப்பென்று கிளம்பியது.

"வாசனை வருதா? அதுல இருக்கறது உங்க கந்தகம்!"

"என் கந்தகம் நாறாதுங்க."

"அது தனியா இருந்தப்ப. இப்ப வேற ஆளோட சேர்ந்திருக்கு."

அதற்குள் அலுவலகம் மறுபடியும் தெருவுக்கு ஓடியிருந்தது. தலைவரும் ஓடினார். முற்றத்தில் நானும் அந்தக் கறுப்புப் பாளமும்தான் இருந்தோம். நான் வாங்கி வந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். அசைக்க முடியவில்லை.

தங்கை கூப்பிட்டாள். இந்தத் தடவை கேலி இல்லை, பயமும் இல்லை. மெதுவாகப் பேசினாள்.

"அண்ணா, கொத்தை எல்லாம் வெட்டிட்டேன்."

"எல்லாமா?"

"எல்லாம். கொடிக்கு ஏறிடும்னு பயமா இருந்துச்சு. குழியில போட்டு மூடிட்டேன்."

"வீட்டுப் பக்கத்து வரிசை?"

"எல்லாம்னு சொன்னேன்ல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"நீ வா," என்றாள். வைத்துவிட்டாள்.

வெளியே வரும்போது நடையில் தனிமப் பிரிவு அம்மா எதிரே வந்தார். ஒட்டியிருந்த ரோஸ் போய்விட்டதால் இப்போது என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"எனக்கு முதல் நாளே தெரியும் பெரியவரே, அது தனிமம்னு."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சதோட நின்னேன். எங்க எல்லையை நாங்க தாண்டறதில்லை."

படியில் இறங்கினேன். தெருவில் இருமிக்கொண்டு நின்றவர்கள் வழி விட்டார்கள். தலைவர் பின்னாலேயே வந்தார். பாளத்தை எடுத்துக்கொண்டு போகாமல் நான் போகக்கூடாதாம், முற்றத்தில் சொந்தக்காரர் இல்லாத பொருள் கிடந்தால் தணிக்கையில் கேள்வி வருமாம்.

"உங்களோடதுதான் பெரியவரே! சத்தியமா உள்ள இருக்கு! ஒரு அணுகூடக் குறையலை!"

நான் நிற்கவில்லை. என் தங்கை வெட்டிக் குழியில் போட்ட காயிலும் ஒரு அணுகூடக் குறைந்திருக்காது. அதை வந்து அவளிடம் விளக்கிச் சொல்லி, ஒரு வாய் சோறு சாப்பிட வைப்பது இங்கே யாருடைய வரம்பிலாவது வருமா என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்டால் அது எந்தப் பிரிவு என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். பஸ் வருகிற பக்கமாக நடந்தேன். அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். படித்த ஆள், சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் நம்பவில்லை.